கோடிட்ட இடத்தில் 1806

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, 1988. சமூக அறிவியல் பேப்பரில் கோடிட்ட இடங்களை நிரப்புக. 'இந்தியாவின் முதல் சுதந்திரப் போர் நடந்த ஆண்டு ________.' நான் 1806 என்று எழுதினேன், எங்கள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு. திருத்தி வந்த பேப்பரில் அதைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் 1857 என்று எழுதியிருந்தது. மொத்த மார்க் நாற்பத்தொன்பது. அந்த ஒன்று கிடைத்திருந்தால் ஐம்பது. விடுவேனா, பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"சார், அதுக்கு அம்பது வருஷம் முன்னாடியே நம்ம ஊர்ல நடந்துடுச்சே சார்."

"நம்ம ஊர்ல நடந்தது கலகம்டா. மீரட்ல ஆரம்பிச்சதுதான் போர். புக்குல இன்னா போட்டிருக்கோ அத எழுது. ஊர்ப் பாசத்தப் பரீட்சப் பேப்பர்ல காட்டாத."

அவர் இதைச் சொன்ன மாடி வராந்தாவில் நின்று பார்த்தால் வேலூர்க் கோட்டை மதில் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை. விடைக்குறிப்பில் 1857 என்று இருந்தது, அவர் போட்டார். எனக்கு ஆச்சரியம் வீட்டில்தான் காத்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பென்ஷனில் வந்திருந்த மில்ட்ரிக்காரர். விஷயத்தைச் சொன்னால் எனக்காகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சவரம் செய்துகொண்டே சொன்னார்: "வாத்தியார் சொன்னதுதான் கரெக்ட்டு. தூங்கினு இருந்த ஆபீசரைச் சுட்டவன் சோல்ஜரே கெடயாது."

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துக் கிராமங்களைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு மில்ட்ரி. எங்கள் ஊர் அவ்வளவு இல்லை, ஆனாலும் தெருவுக்கு ஏழெட்டுப் பேர் உண்டு. பொங்கலுக்கு லீவில் வருபவர்கள் கொண்டுவரும் இரும்பு டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளை பெயின்ட்டில் நம்பர், பெயர், யூனிட். அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு, சிப்பாய் எதிர்த்துச் சுட்டான் என்பது பெருமையான செய்தியாக இருக்காது. நைனாவுக்கு அது கெட்ட வார்த்தை மாதிரி.

நடந்தது இதுதான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1805 கடைசியில் மெட்ராஸ் ராணுவத்துக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை எடு, மீசையைக் கத்தரி, தோல் பட்டை வைத்த புது மாதிரித் தலைப்பாகை கட்டு. அந்தத் தலைப்பாகை தொப்பி மாதிரி இருக்கிறது, அடுத்து எங்களைக் கிறிஸ்தவனாக்கப் போகிறார்கள் என்று சிப்பாய்கள் முணுமுணுத்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சுடத் தொடங்கினார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்தார். மைசூரின் புலிக்கொடி ஏறியது. தகவல் ஆற்காட்டுக்குப் போய், கில்லெஸ்பி என்ற குதிரைப்படை அதிகாரி பதினாறு மைல் பறந்து வந்தார். பத்துமணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அரண்மனைப் பக்கம் ஒளிந்த நூறு சிப்பாய்கள் வரை வெளியே இழுத்து, ஒரு சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். கோட்டைக் கதவைப் பீரங்கியால் தகர்த்துத் திறந்த பிளேக்கிஸ்டன் என்ற இன்ஜினியர் அதிகாரி பின்னால் தன் நினைவுக் குறிப்பில், அதை நான் பதறாமல் பார்க்க முடிந்தது என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். செத்த வெள்ளைக்காரர் கணக்கு துல்லியமாக இருக்கிறது: அதிகாரிகள் 14 பேர், 69வது ரெஜிமென்ட்டில் 115 பேர். சிப்பாய்கள் எத்தனை பேர் என்றால் ஒருவர் 350 என்பார், இன்னொருவர் 800 என்பார்.

சண்டை பத்து மணிக்கு முடிந்தது, அதைப் பற்றிய சண்டை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. தலைமைத் தளபதி கிராடக் தரப்பு, இது திப்பு மகன்கள் செய்த சதி என்றது. அப்படி ஆனால் தலைப்பாகைமேல் பழி வராதல்லவா. கவர்னர் வில்லியம் பென்டிங்க் பழியைத் தளபதி பக்கம் தள்ளப் பார்த்தார். லண்டனில் ஒரு கூட்டம், பாதிரிமார்களை விட்டதால் வந்த வினை என்று துண்டுப் பிரசுரம் போட்டது. கடைசியில் 1807-ல் தளபதி, கவர்னர் இருவரையுமே கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது. திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அதே பென்டிங்க் 1828-ல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து, உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழித்த நல்ல மனிதராகப் பாடப் புத்தகத்தில் இடம்பிடித்தார். நான் படித்த காலத்தில் இந்த இரண்டு பென்டிங்கும் ஒரே ஆள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு பாடம், இரண்டு மார்க்.

இந்தக் கதையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தால், பெரும்பாலும் மூன்று இடத்திலிருந்து: ஃபேன்கோர்ட்டின் மனைவி பிள்ளைகளோடு ஒளிந்திருந்ததை எழுதியது, பிளேக்கிஸ்டன் மாதிரி அதிகாரிகள் எழுதியது, அப்புறம் ராணுவமும் அரசாங்கமும் நடத்திய விசாரணைத் தாள்கள். சிப்பாய் பேசுவது அந்த மூன்றாவதில் மட்டும்தான். அதுவும் கழுத்துக்குக் கயிறு காத்திருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் வழியாக.

இதை ஒருநாள் நைனாவிடம் சொன்னபோதுதான் அவர் முதல் தடவையாக அந்தச் சிப்பாய்கள் பக்கம் லேசாகச் சாய்ந்தார். அவர் ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி டிரைவர். எழுபதுகளில் ஏதோ ஒரு யூனிட்டில் டீசல் ஜெரிகேன்கள் காணாமல் போய், கோர்ட் ஆஃப் இன்கொயரி போட்டிருக்கிறார்கள். இவர் சாட்சி. தமிழும் இந்தியும் கலந்து, யார் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்று அரைமணி நேரம் சொல்லியிருக்கிறார். மறுநாள் கையெழுத்துக்கு வந்த தாளில் இங்கிலீஷில் ஆறு வரி இருந்ததாம்.

"நான் சொன்னது அதுல இருந்துதா, இல்லியா, எனுக்கு இன்னா தெரியும்? கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். நாயக் ரேங்க்ல இருந்த ஒருத்தனுக்குக் கைப்பட்டை போயிடுச்சு, பதவி எறக்கிட்டாங்க. அவன் எடுக்கலன்னுதான் நான் சொன்னேன்."

அந்த ஆறு வரிதான் இன்றைக்கும் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும். ஐம்பது வருஷம் கழித்து யாராவது அந்த யூனிட்டின் சரித்திரம் எழுதினால் அதைத்தான் எழுதுவார்கள். பள்ளிப் பாடத்தில் அரசியல் புகுந்துவிட்டது, ராணுவம் புகுந்துவிட்டது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த ஜெரிகேன் ஞாபகம் வந்துவிடும். புத்தகம் அச்சாவதற்கு ரொம்ப முன்னாலேயே, தாள் எழுதும் இடத்திலேயே புகுந்துவிடுகிறது.

கலகம் பின்னால் புரட்சி ஆனது. 1998-ல் கோட்டைக்கு எதிரே மக்கான் பக்கம் நினைவுத் தூண் வந்தது. 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு சமச்சீர் புத்தகத்தில் பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன் வரிசையில் வேலூர்ப் புரட்சியும் இருக்கிறது. அன்றைக்கு 1806 என்று எழுதிய எனக்கு இப்போது அந்த மார்க்கைப் போடுவார்களா என்று நண்பர்களிடம் கிண்டலாகக் கேட்பதுண்டு.

உண்மையைச் சொன்னால், அந்தச் சொல் மாறியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அந்தச் சந்தோஷம் சலித்துவிட்டது. ஏனென்றால் 'முதல்' என்ற பட்டத்துக்கு வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள். 2017-ல் மத்திய மனிதவள அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர், ஒடிசாவின் 1817 பாய்க்கா கிளர்ச்சி 'முதல் சுதந்திரப் போர்' என்று வரலாற்றுப் புத்தகத்தில் ஏறும் என்று அறிவித்தார். எங்கள் ஊர் அதற்குப் பதினொரு வருஷம் மூத்தது! 2025-ல் புது எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் முதல் பாகம் வந்தபோது பாய்க்காவைக் காணோம் என்று ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நவீன் பட்நாயக் கோபப்பட்டார். அடுத்த பாகத்தில் வரும் என்று பதில் வந்தது. ஒடிசாக்காரருக்கு ஒடிசா, நமக்கு வேலூர். அதில் தப்பில்லை. ஆனால் எந்த ஊர்ப் பையனாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: மேலே இருப்பவர்கள் முடிவு செய்த வருஷத்தைக் கோட்டில் நிரப்புவது.

எங்கள் வீடு இப்போது தோட்டப்பாளையத்தில். சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாடியில் இரண்டு ரூம் வாடகைக்கு விடுகிறோம். இந்த ஏரியாவில் தமிழ் போர்டுக்குக் கீழே வங்காள எழுத்து இல்லாத கடை குறைவு. திப்பு மகன்களை ஏற்றிக்கொண்டு போன ஊரான கல்கத்தாவிலிருந்து இன்றைக்கு ரயில் ரயிலாக இங்கே வருகிறார்கள், பங்களாதேஷிலிருந்தும் வருகிறார்கள். 2025 ஆரம்பத்தில் சட்டோகிராமிலிருந்து ஒருவர் மனைவியின் சிகிச்சைக்காக வந்து தங்கினார். அவருடைய மாநகரத்தில்தான் காலூர்காட் ரேடியோ நிலையம் இருக்கிறது. 1971 மார்ச் 27 அன்று மேஜர் ஜியாவுர் ரஹ்மான் என்ற ராணுவ அதிகாரி வங்கதேசத் தலைவர் ஷேக் முஜிபுர் சார்பில் சுதந்திர அறிவிப்பை வாசித்த இடம். அந்த மேஜர்தான் பின்னால் ஜனாதிபதி ஆனார். முஜிபுரை 1975-ல் ராணுவ அதிகாரிகள் சுட்டுக்கொன்றார்கள். அதற்குப் பிறகு அங்கே பாடப் புத்தகத்தில் பெரிய கேள்வி இதுதான்: சுதந்திரத்தை அறிவித்தது யார்?

அவர் சாயந்திரங்களில் கீழே வந்து நைனாவோடு உட்கார்ந்து பேசுவார். நைனாவின் மில்ட்ரி இந்தியும் அவருடைய சினிமா இந்தியும் எப்படியோ ஒட்டிக்கொண்டன.

"எனக்கு மூன்று பிள்ளைகள்" என்றார். "பெரியவன் படித்தது ஜியாவின் மனைவி கலீதா ஜியா ஆட்சியில். அவன் புத்தகத்தில் அறிவித்தது ஜியா. நடுவுள்ளவள் முஜிபுர் மகள் ஹசீனா ஆட்சியில். அவள் புத்தகத்தில் முஜிபுர். ஹசீனா போன ஆகஸ்டில் ஓடிப்போனாங்களா, இந்த ஜனவரியில் சின்னவனுக்குப் புதுப் புத்தகம் வந்தது. திரும்ப ஜியா, 26-ம் தேதியே அறிவித்தார், மறுநாள் முஜிபுர் சார்பில் இன்னொரு தடவை அறிவித்தார் என்று போட்டிருக்கிறது. மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நைனா 1971-ல் கிழக்குப் பக்கம் லாரி ஓட்டியவர். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்த செய்தியை ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாராம். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"எங்களப் பத்தி இன்னா போட்டிருக்காங்க?"

அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் ஆட்சிக்கு ஆட்சி கூடும், குறையும், பாபா" என்றார். நைனா அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. ரெண்டு நாள் கழித்து என்னிடம் மட்டும், "அங்க நம்ம ஆளுங்க செத்தாங்கடா" என்றார்.

நம் பக்கமும் ராணுவம் பாடத்துக்குள் வருகிறது. என் தங்கை மகள் சி.பி.எஸ்.இ. 2023-ல் அவள் ஏழாம் வகுப்பு. அந்த வருஷம் டெல்லி தேசிய போர் நினைவகம் பற்றி ஒரு பாடம் சேர்த்தார்கள். பாதுகாப்பு அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து செய்தது. 2025-ல் பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா, பிரிகேடியர் உஸ்மான், மேஜர் சோம்நாத் சர்மா ஆகியோர் பற்றிய பாடங்களும் சேர்ந்தன. நைனாவுக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி. பிரிவினையின்போது பாகிஸ்தான் பக்கம் வரச் சொல்லியும் போகாமல், 1948-ல் காஷ்மீரில் உயிர்விட்ட உஸ்மானைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றார். நானும் அதைத்தான் சொல்வேன். முதல் பரம்வீர் சக்கரம் யாருக்கு என்று என் வயதுக்காரர்களுக்கே தெரியாது.

எனக்கு இடிப்பது வேறு. அதே 2023-ல்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவைகள் பற்றிய பாடம் இல்லாமல் புதுப் புத்தகம் அச்சாகி வந்தது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். குறைக்கும்போது எது போகிறது, கூட்டும்போது எது வருகிறது என்று பார்த்தாலே யார் கை என்று தெரிந்துவிடும். இது இந்த ஆட்சியில் மட்டும் வந்த வியாதி இல்லை. ஜனதா ஆட்சியில் ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா பற்றிய பாடநூலை எடுத்தார்கள். நெருக்கடி நிலையின்போது 1976-ல் 42-வது திருத்தம் போட்டுக் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு இழுத்தது காங்கிரஸ். மாநிலங்கள் மட்டும் யோக்கியமா என்றால், இங்கேயும் ஆட்சி மாறினால் புத்தக அட்டை முதற்கொண்டு சண்டைதான். எங்கள் வீட்டிலேயே ஹாலில் ஒரு பக்கம் சமச்சீர், ஒரு பக்கம் சி.பி.எஸ்.இ. ரெண்டும் ஒரே நாட்டைப் பற்றியது என்று நம்பக் கொஞ்சம் முயற்சி வேண்டும்.

இதற்கு நடுவில் ஊரில் இருப்பதையே நாம் காட்டுவதில்லை. கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டருக்குள் ஹைதர் அலியின் மனைவி பக்‌ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் கல்லறைகள் இருக்கின்றன. பாலாறு ஓரம் முத்து மண்டபத்தில் கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன். இந்தக் கோட்டையில் சிறை இருந்து 1832-ல் செத்தவன். கர்நாடகத்தில் திப்பு நல்லவனா கெட்டவனா என்று புத்தகக் கமிட்டிகள் மாறி மாறி உட்காருகின்றன. திப்பு வீட்டுப் பெண்கள் கடைசியாகப் படுத்திருக்கும் இடத்துக்கு வேலூர்ப் பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் அழைத்துப்போய்விடலாம். எக்ஸ்கர்ஷன் என்றால் மட்டும் பெங்களூர் போகிறார்கள்.

போன ஜூலை 10 அன்று நைனாவையும், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனையும் மக்கானுக்கு அழைத்துப்போனேன். நாங்கள் போகும்போது தூணுக்கு மாலை மரியாதை எல்லாம் முடிந்து, மலர் வளையங்கள் மட்டும் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. நைனா தூண் பக்கம் வரவில்லை. எப்போதும் போல எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எழுபத்தேழு வயதில் மனதை மாற்றச் சொல்லி யார் கேட்பது.

அவருக்காகவே ஒன்றைத் தேடிப் படித்து வைத்திருந்தேன். வேலூருக்குப் பிறகு கம்பெனி, எதிர்த்த பட்டாலியன்களைக் கலைத்தது. 1வது ரெஜிமென்ட், 23வது ரெஜிமென்ட் என்ற நம்பர்களையே ராணுவப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. 1வதில் மிஞ்சியவர்களைக் கொண்டு உண்டானது 24வது.

"நம்பரையே எடுத்துட்டாங்களா?" என்றார் நைனா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். தூக்கில் போட்டது, பீரங்கி வாயில் கட்டிச் சுட்டது எல்லாம் சொன்னபோதுகூட அவர் முகம் இப்படி ஆனதில்லை.

"இன்னும் இருக்கு நைனா. 1817 நவம்பர்ல நாக்பூர் போன்ஸ்லே படையோட சண்ட. சீதாபல்டி மலைல கம்பெனிக்காக நின்னு ஜெயிச்சதுல இந்த 24வதும் ஒண்ணு. இன்னா பரிசு வேணும்னு பார்த்தா, எங்க பழைய நம்பரக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க. குடுத்துட்டாங்க. திரும்ப 1வது ஆயிட்டாங்க."

நைனா நாக்பூர் பக்கத்து காம்டி ராணுவ முகாமில் இருந்தவர். சீதாபல்டி மார்க்கெட்டிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி ரயிலில் கொண்டுவந்தது எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படும் கதை. கொஞ்ச நேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டு வாங்கினாங்களா" என்றார் மெதுவாக. அப்புறம் பேரன் பக்கம் திரும்பினார். "ஏன்டா, அதே ரெஜிமென்ட்டு. இங்க வெள்ளக்காரனச் சுட்டுது. அங்க வெள்ளக்காரனுக்காகச் சுட்டுது. உங்க புக்குல இத இன்னான்னு போட்டிருக்கு, கலகமா, புரட்சியா, போரா?"

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அது போர்ஷன்ல இல்ல தாத்தா."

டீ ஆறிப்போயிருந்தது. நைனா இன்னொன்று சொன்னார், சக்கரை கம்மியாக.